விளையாட்டும் சொல்லாக்கமும்

ஒரு நாட்டுக்குப் புதிய பொருள் ஒன்று வந்து சேரும்போது அதன் பெயரும் உடன் வருகிறது. பொருளை ஏற்றுக்கொள்வது எளிது. பெயரை ஏற்றுக்கொள்வது அத்துணை எளிதன்று. வந்த பெயரை அவ்வாறே வழங்குவதா, அதன் பொருளைத் தமிழில் பெயர்ப்பதா, பொருளைத் தாமே நோக்கிப் புதிய பெயர் சூட்டுவதா என்னும் வினா எழுகிறது. இவ்வினாவுக்கு விடை காணும் முயற்சியே சொல்லாக்கம் எனப்படும். சொல்லாக்கம் புலவர்க்கு மட்டும் உரிய தொழில் அன்று. அங்காடியில் பொருள் விற்பவரும், வயலில் புதிய பொறியைக் கையாளும் உழவரும், திடலில் விளையாடும் சிறுவரும் நாள்தோறும் அதனைச் செய்து வருகின்றனர்.

சொல்லாக்கத்தின் நெறிகளை அறிய விரும்புவோர் திருவண்ணாமலைக்கு ஒருமுறை சென்றால் போதும். அத்திருநகரின் பெயர்களே அந்நெறிகளைக் கற்பிக்கின்றன. அங்குள்ள மலைக்கு அண்ணாமலை, அருணாசலம் என இரு பெயர்கள் உண்டு. அண்ணுதல் என்பது நெருங்குதல். அண்ணா மலை என்பது நெருங்கலாகாத மலை எனப் பொருள்படும். அயனும் மாலும் அடிமுடி தேடியும் எட்டாதவாறு இறைவன் அனற்பிழம்பாய் நின்றான் என்னும் புராண வரலாற்றை அப்பெயர் நினைவூட்டுகிறது. அருணாசலம் என்பது வடசொல். அருணம் என்பது செந்நிறம். அசலம் என்பது மலை. செம்மலை என்பது அதன் பொருள். இவ்விரு பெயர்களுள் ஒன்று மற்றொன்றின் மொழிபெயர்ப்பு அன்று. தமிழ் அம்மலையின் எட்டாமையைக் கண்டது. வடமொழி அதன் செம்மையைக் கண்டது. இரண்டும் ஒரே மலையைக் குறிக்கின்றன. இரண்டும் ஒரே வரலாற்றோடு பொருந்துகின்றன. பிறமொழிப் பெயரின் பொருளைத் தேடாமல், பொருளையே நேரில் நோக்கிப் பெயரிடுவது இம்முறை.

அத்திருக்கோயிலில் எழுந்தருளியிருக்கும் அம்மையின் பெயரோ வேறு முறையில் அமைந்தது. தமிழில் உண்ணாமுலையம்மை, வடமொழியில் அபீதகுசாம்பாள். அபீதம் என்பது பருகப்படாதது; குசம் என்பது முலை; அம்பாள் என்பது அம்மை. ஒவ்வோர் உறுப்பும் ஒன்றுக்கொன்று நேராக நிற்கக் காணலாம். சொல்லுக்குச் சொல் பெயர்த்தல் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று கிடைப்பது அரிது.

மூன்றாவது முறை மலையைச் சுற்றும் பாதையில் விளங்குகிறது. ஏறத்தாழ 14 கிலோமீட்டர் நீளமுள்ள அப்பாதையில் அடியார்கள் மலையை வலமாகச் சுற்றிவருவதைக் கிரிவலம் என்பர். கிரி என்பது வடசொல். வலம் என்பது தமிழ்ச்சொல். முற்றும் வடசொல்லாக வேண்டுமாயின் கிரிப்பிரதட்சிணம் எனலாம். முற்றும் தமிழாக வேண்டுமாயின் மலைவலம் எனலாம். ஆயினும் மக்கள் நாவில் நிலைத்தது இரண்டும் கலந்த கிரிவலமே.

நான்காவது முறை, பிறமொழிச் சொல்லையே தமிழ் எழுத்தால் எழுதிக்கொள்வது. இதற்கு இலக்கண நூல்களே இடம் தந்துள்ளன. தொல்காப்பியம் செய்யுளுக்கு உரிய சொற்களை இயற்சொல், திரிசொல், திசைச்சொல், வடசொல் என நான்காகப் பகுத்தது. பிற நிலங்களிலிருந்து வரும் சொல்லைத் திசைச்சொல் என்று ஏற்றது. வடசொல் வருமாயின் அதற்கே உரிய எழுத்தை விடுத்துத் தமிழ் எழுத்தால் அமைத்துக்கொள்ளுமாறு விதித்தது. ஆகவே, வேற்றுமொழிச் சொல்லை எக்காலத்தும் வாயிலிலே நிறுத்திவைப்பது தமிழ் மரபு அன்று. வருவதைத் தமிழின் ஒலிக்கு இயையச் செய்து ஏற்பதே மரபு.

முறைகள் நான்கு. எப்பொழுது எதனைக் கொள்வது என்பதே அறிய வேண்டுவது. அதனைச் சொற்களை வைத்தே ஆராய்தல் நன்று. தமிழ்நாட்டில் பலர் ஆடியறியாத விளையாட்டு ஒன்றன் சொற்களை எடுத்துக்கொண்டால், பழக்கத்தின் குறுக்கீடு இன்றி ஆராயலாம். கோல்ஃப் என்னும் விளையாட்டு அதற்கு மிகவும் ஏற்றது.

கோல்ஃப் இன்று ஆடப்பெறும் வடிவில் ஸ்காட்லாந்து நாட்டில் வளர்ந்தது. 1457-ஆம் ஆண்டில் அந்நாட்டு மன்னர் இரண்டாம் ஜேம்ஸ், மக்கள் வில்வித்தைப் பயிற்சியை மறந்து இவ்விளையாட்டில் ஈடுபடுவதைக் கண்டு, இதனைத் தடைசெய்தார். அத்தடையே இவ்விளையாட்டைப் பற்றிக் கிடைக்கும் மிகப் பழைய எழுத்துச் சான்று. 1764-இல் செயின்ட் ஆண்ட்ரூஸ் என்னும் ஊரில் ஒரு முழு ஆட்டத்துக்கு 18 குழிகள் என்னும் அளவு ஏற்பட்டது. ஆங்கிலேயர் தாம் சென்ற நாடுகளுக்கெல்லாம் இதனைக் கொண்டுசென்றனர். இந்தியாவில் 1829-இலேயே கல்கத்தாவில் இதற்கென ஒரு சங்கம் தோன்றியது. தமிழ்நாட்டில் உதகமண்டலத்திலும் கொடைக்கானலிலும் இதற்குரிய திடல்கள் அமைந்தன. கொடைக்கானலில் இதற்கான சங்கம் 1895-இல் நிறுவப்பட்டது.

ஆட்டத்தின் இயல்பு எளியது. ஆடுபவர் ஒரு சிறு பந்தைக் கோலால் அடித்துத் தொலைவிலுள்ள குழியில் விழச்செய்தல் வேண்டும். பந்தின் குறுக்களவு 42.67 மில்லிமீட்டருக்குக் குறையலாகாது. குழியின் குறுக்களவு 108 மில்லிமீட்டர். ஒரு குழியில் பந்தை இட்டபின் அடுத்த குழியை நோக்கிச் செல்வர். இவ்வாறு 18 குழிகளையும் முடிப்பதற்கு ஆறு கிலோமீட்டருக்கு மேலும் நடக்க நேரிடும். குறைந்த அடிகளில் முடிப்பவரே வென்றவர்.

இவ்வியல்பை அறிந்த தமிழர் இதற்குக் குழிப்பந்தாட்டம் என்று பெயரிட்டனர். பெயரைக் கேட்டவுடன் ஆட்டத்தின் குறிக்கோள் விளங்குகிறது. பந்து குழியைச் சேர வேண்டும், அவ்வளவே. அண்ணாமலை என்னும் பெயர் அமைந்த முறையும் இதுவே. ஈண்டு ஒரு மயக்கத்தையும் விலக்குதல் வேண்டும். கோல்ஃப் என்னும் சொல்லில் தமிழ்க் கோல் மறைந்திருக்கிறது என்று சிலர் கருதக்கூடும். கோலால் ஆடும் ஆட்டம் ஆதலின் அக்கருத்து இனிமையாகவும் தோன்றும். ஆயின், தடி எனப் பொருள்படும் பழைய டச்சுச் சொல்லிலிருந்து அப்பெயர் வந்தது என்பதே அறிஞர் பலரின் கருத்து. ஒலி ஒத்திருப்பதனாலேயே இரு சொற்கள் உறவுடையன ஆகா.

விளையாட்டின் பெயர் எளிதில் அமைந்தது. திடலின் உறுப்புகளுக்குப் பெயரிடும்போதே இடர்ப்பாடுகள் தோன்றுகின்றன. ஆங்கிலத்தில் ஆடும் கோலுக்கு வழங்கும் பெயர் 'கிளப்' என்பது. அச்சொல்லுக்குச் சங்கம், கழகம் என்னும் பொருளும் உண்டு. அகராதியைப் புரட்டி முதலிற் கண்ட பொருளை எடுத்துக்கொள்பவர், 'அவர் தம் கழகத்தால் பந்தை அடித்தார்' என்று எழுதிவிடுவர். மணல் நிரம்பிய பள்ளத்துக்குப் 'பங்கர்' என்பது ஆங்கிலப் பெயர். போர்வீரர் குண்டுக்கு அஞ்சிப் புகும் நிலவறைக்கும் அதுவே பெயர். அதற்குத் தமிழில் பதுங்குகுழி என்னும் சொல் வழக்கில் உள்ளது. 'பந்து பதுங்குகுழியில் வீழ்ந்தது' என்று எழுதினால், படிப்பவர் விளையாட்டை மறந்து போரை எண்ணுவர். நீண்ட அடிக்கு ஆங்கிலத்தில் 'டிரைவ்' என்பர். வண்டி ஓட்டுதலையும் அச்சொல் குறிக்கும். பந்தை ஓட்டினார் என்பதைவிட நெடுவீச்சு வீசினார் என்பதே தெளிவு தரும். அம்மையின் திருப்பெயரில் அத்துணை அழகாகப் பொருந்திய சொல்லுக்குச் சொல் பெயர்க்கும் முறை, இவ்விடங்களில் பொருந்தாமை காண்க. ஒரு சொல் ஒரு மொழியில் சுமக்கும் எல்லாப் பொருள்களையும் வேற்றுமொழிச் சொல் ஒன்று சுமப்பதில்லை. ஆதலால் சொல்லை நோக்காது, அது குறிக்கும் பொருளை நோக்குதலே பெரும்பாலும் பாதுகாப்பான வழி.

பொருளை நோக்கினால் தமிழில் சொல்லுக்குப் பஞ்சம் இல்லை என்பது புலனாகும். திருவண்ணாமலையைச் சூழ்ந்த சிற்றூர்களின் நிலத்தையே எடுத்துக்கொள்க. மேடு, பள்ளம், கரடு, திட்டு, திடல், களம், வரப்பு, மடு என நிலத்தின் ஒவ்வொரு வேறுபாட்டுக்கும் அங்குள்ள உழவர் தனித்தனிச் சொல் வைத்துள்ளனர். விளையாட்டுத் திடலும் நிலத்தின் ஒரு பகுதியே அன்றோ? திடலில் நன்கு வெட்டப்பெற்று நீண்டு கிடக்கும் புற்பரப்பை ஆங்கிலர் 'ஃபேர்வே' என்பர். அச்சொல் முன்னர்க் கப்பல் தடையின்றிச் செல்லக்கூடிய நீர்வழியைக் குறித்தது. அதனை 'அழகிய வழி' என்று பெயர்த்தால் ஒருவருக்கும் விளங்காது. புல்வழி என்றால் போதும். அதன் இருமருங்கும் வளர்ந்து அடர்ந்திருக்கும் புல்லைக் கரட்டுப்புல் எனலாம். கரடுமுரடான நிலத்தை அறிந்த எந்த உழவருக்கும் அச்சொல் விளக்கம் வேண்டாமலே விளங்கும்.

ஆட்டம் தொடங்கும் இடத்தையும், அங்கே பந்தை ஏந்தி நிற்கும் சிறு குச்சியையும் ஆங்கிலத்தில் 'டீ' என்னும் ஒரே சொல் குறிக்கிறது. தமிழில் இடத்தைத் தொடக்கமேடை என்றும், குச்சியை முளை என்றும் வேறுபடுத்தலாம். மாட்டைக் கட்ட அடிக்கும் முளையைக் காணாத சிற்றூர்ச் சிறுவர் யார்? சிற்சில இடங்களில் மூலமொழியைவிடப் பெயர்ப்புமொழி தெளிவாக அமைவதும் உண்டு என்பதற்கு இஃது ஒரு சான்று. மணற் பகுதியை மணற்குழி என்று பெயரிடுவதில் மட்டும் விழிப்பு வேண்டும். பந்து சேர வேண்டிய இடத்துக்குக் குழி என்னும் பெயரை முன்னரே தந்துவிட்டோம். பந்து சேரக் கூடாத இடத்துக்கும் அதே பெயரைத் தரலாகாது. மணற்பள்ளம் என்றால் மயக்கம் நீங்கும். ஒரு துறையில் ஒரு பொருளுக்கு ஒரு சொல், ஒரு சொல்லுக்கு ஒரு பொருள் என்பது சொல்லாக்கத்தின் முதல் விதி.

குழி அமைந்துள்ள, மிக நுண்ணிதாக வெட்டப்பெற்ற புல்தரையை ஆங்கிலர் 'கிரீன்' என்பர். பச்சை என்பது அதன் பொருள். திடல் முழுவதுமே பச்சையாக இருக்க, ஓரிடத்தை மட்டும் பச்சை என்று தமிழில் எவ்வாறு கூறுவது? இதே இடர்ப்பாட்டை ஐரோப்பாவின் நடுப்பகுதியிலுள்ள சுலோவாக்கிய மக்களும் எதிர்கொண்டனர். சுலோவாக்கியம் பேசுவோர் தொகை தமிழ் பேசுவோர் தொகையோடு ஒப்பிட மிகச் சிறியது. 1843-ஆம் ஆண்டில் லுடோவித் ஷ்டூர் என்னும் அறிஞரும் அவர்தம் நண்பர்களும் மக்கள் பேச்சை அடிப்படையாகக் கொண்டு அம்மொழிக்கு இலக்கிய வடிவம் வகுத்தனர். அச்சிறு நாடு தனி நாடானது 1993-இல். அம்மொழியில் 'யாமா' என்பது குழி. 'யாம்கா' என்பது சிறு குழி. 'இஸ்கோ' என்னும் ஈறு இடத்தைக் குறிக்கும். ஆடும் இடம் 'இஹ்ரிஸ்கோ'. பந்தை அடித்துத் தொடங்கும் இடம் 'ஒட்பாலிஸ்கோ'. குழி உள்ள இடம் 'யாம்கோவிஸ்கோ'. பச்சை என்னும் ஆங்கிலச் சொல்லின் பின்னே செல்லாமல், அவ்விடத்தில் இருப்பது யாது என்று நோக்கிக் குழியிடம் என்று அவர்கள் பெயரிட்டமை கருதத்தக்கது. தமிழில் களம் என்னும் சொல் அந்த ஈற்றின் வேலையைச் செய்யவல்லது. போர் நிகழ்வது போர்க்களம், நெல் அடிப்பது நெற்களம், ஆடுவது ஆடுகளம். அவ்வழியே குழி உள்ள இடம் குழிக்களம் ஆகும்.

ஒரு துறையின் சொற்கள் இவ்வாறு ஒரு குடும்பமாக அமைதல் சிறப்பு. திருவண்ணாமலையில் மலையைச் சுற்றி எட்டு இலிங்கங்கள் உள்ளன. இந்திரலிங்கம், அக்கினிலிங்கம், யமலிங்கம், நிருதிலிங்கம், வருணலிங்கம், வாயுலிங்கம், குபேரலிங்கம், ஈசானியலிங்கம் என்பன அவற்றின் பெயர்கள். எட்டுத் திசைகளின் காவலர் பெயரால் அவை அமைந்தமையின், ஒன்றன் பெயரைக் கேட்டவுடன் அதன் திசை விளங்கும். ஒன்றை அறிந்தவர் அடுத்ததனையும் எளிதில் நினைவில் கொள்வர். சொற்களும் இவ்வாறு ஒன்றற்கொன்று துணை நிற்க வேண்டும்.

இனி, பெயர்க்க வேண்டாத சொற்களும் உள்ளன. ஒவ்வொரு குழிக்கும் திறமையுடையார்க்கு வேண்டும் அடிகள் இத்துணை என்று ஓர் அளவு வகுக்கப்பட்டுள்ளது. அதனினும் ஓர் அடி குறைவாக முடித்தால் 'பர்டி' என்பர். அது சிறு பறவையைக் குறிக்கும் சொல். இரண்டு அடி குறைந்தால் 'ஈகிள்'. அது கழுகின் பெயர். அமெரிக்க மக்களின் பேச்சில் பறவை என்னும் சொல் ஒருகாலத்தில் மிகச் சிறந்தது என்னும் பொருளில் வழங்கியது. அவ்வேடிக்கை வழக்கிலிருந்தே இப்பெயர்கள் தோன்றின. இவற்றைக் குருவி என்றும் கழுகு என்றும் பெயர்த்தால் வேடிக்கையும் வாராது; பொருளும் விளங்காது. சுலோவாக்கியரும் குழிக்கும் களத்துக்கும் தம் சொல்லை ஆக்கிக்கொண்டு, இப்பறவைப் பெயர்களை உள்ளவாறே ஏற்றுக்கொண்டனர். தமிழிலும் அவற்றைத் திசைச்சொல்லாக ஏற்கலாம். பொருள் விளங்க வேண்டுமிடத்து 'ஓரடி குறைவு', 'ஈரடி குறைவு' என்று கூறலாம். பொருளின் தன்மையை உணர்த்தும் சொல்லைப் பெயர்க்க வேண்டும். விளையாட்டாக இட்ட பெயரைப் பெயராகவே விட்டுவிட வேண்டும்.

பொருளை நோக்கிப் பெயரிடும்போதும் ஒன்றை மறத்தலாகாது. நோக்கும் பண்பு அப்பொருளோடு என்றும் நிற்பதாக இருத்தல் வேண்டும். நீராவியால் இயங்கிய வண்டி புகை கக்கிக்கொண்டு வந்தமையால் அதற்குப் புகைவண்டி என்று பெயரிட்டனர். பின்னர் மின்சாரத்தால் வண்டிகள் ஓடின, புகை நின்றது, பெயர் பொருந்தாமற் போயிற்று. பெட்டிகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடர்ந்து செல்லுதல் என்றும் மாறாதது ஆகலின் தொடர்வண்டி என்னும் பெயர் எழுந்தது. காலால் மிதித்துச் செலுத்துவது மிதிவண்டி என்று பெயர் பெற்றது. மிதிக்கும் வரையில் அப்பெயருக்குக் குறைவில்லை. ஆங்கிலத்திலும் இந்நிலை உண்டு. நெடுவீச்சுக்கு உரிய கோலை மரத்தால் செய்த காலத்தில் 'மரம்' எனப் பொருள்படும் சொல்லால் அழைத்தனர். இன்று அதன் தலை உலோகத்தால் ஆயது. ஆயினும் பெயர் மாறவில்லை. வேரூன்றிய சொல் தன் காரணம் அழிந்த பின்னும் வாழும். வேரூன்றுவதற்கு முன்னரே காரணம் அழிந்தால் சொல்லும் உடன் அழியும்.

சொல் வேரூன்றுவது எங்கே? ஏட்டில் அன்று, நாவில். சிறுவர் கோலி விளையாடும்போது குழி என்கின்றனர், உருட்டு என்கின்றனர். கிட்டிப்புள் ஆடுவோர்க்கும் தம் ஆட்டத்துக்கு வேண்டும் சொற்கள் அனைத்தும் கைவசம் உள்ளன. அவற்றை எந்தக் குழுவும் ஆக்கித் தரவில்லை. குழிக்களத்தில் பந்தை மெல்லத் தட்டிக் குழியில் சேர்க்கும் அடிக்கு ஆங்கிலத்தில் 'பட்' என்பது பெயர். அதற்கு உருட்டு என்பதனினும் ஏற்ற சொல்லை எந்த அகராதி தரும்? சொல்லாக்குவோர் நூல்களைக் கற்பதோடு, மக்கள் பேச்சுக்கும் செவிசாய்த்தல் வேண்டும்.

விளையாட்டுச் சொல் பிழைபட்டால் சிறு நகைப்போடு போகும். வேறு துறைகளில் நிலைமை அவ்வாறு அன்று. சாமுவேல் ஃபிஸ்க் கிறீன் என்னும் அமெரிக்க மருத்துவர் 1847-இல் யாழ்ப்பாணம் வந்தார். மானிப்பாயில் தங்கி மருத்துவம் செய்ததோடு, மாணவர்க்கு மேனாட்டு மருத்துவம் கற்பிக்கவும் தொடங்கினார். முதலில் ஆங்கிலத்தில் கற்பித்தார். பின்னர், 1860-களில், தமிழிலேயே கற்பித்தார். அதற்காக உடற்கூறு, அறுவை மருத்துவம் முதலிய துறைகளில் தமிழ் நூல்கள் வெளிவரச் செய்தார். மக்களிடையே வழங்கிய சொல்லைத் தேடியும், வடசொல்லைக் கொண்டும், வேண்டுமிடத்து ஆங்கிலச் சொல்லைத் தமிழ் எழுத்தால் எழுதியும் கலைச்சொற்களை அமைத்தார். எலும்புக்கும் நரம்புக்கும் மருந்துக்கும் பெயர் தவறினால் நோயாளியின் உயிருக்கே ஊறு நேரும். அத்துணைப் பொறுப்புடைய துறையிலும் தமிழ் தளரவில்லை. அவரிடம் தமிழில் பயின்றோர் மருத்துவராகி மக்களுக்குத் தொண்டாற்றினர்.

தமிழ்நாட்டிலும் அம்முயற்சி தொடர்ந்தது. 1916-இல் சேலத்தில் இராசகோபாலாச்சாரியாரும் வெங்கடசுப்பையரும் அறிவியற் சொற்களைத் தமிழில் ஆக்குவதற்கென ஒரு சங்கம் கண்டனர். 1954 முதல் 1968 வரை தமிழ் வளர்ச்சிக் கழகம் பத்துத் தொகுதிகளாக வெளியிட்ட கலைக்களஞ்சியம், அறிவுத்துறைகள் பலவற்றையும் தமிழில் எழுதிக் காட்டியது. இன்று பள்ளி மாணவர் ஒருவர் ஒளிச்சேர்க்கை என்றும், ஈர்ப்புவிசை என்றும், வெப்பநிலை என்றும் தடையின்றிப் படிக்கிறார் எனின், அச்சொற்களின் பின்னே பலருடைய உழைப்பு நிற்கிறது. ஒளிச்சேர்க்கை என்னும் சொல்லைக் கேட்ட உழவரின் மகள், தன் வயலில் நிற்கும் நெற்பயிரின் இலை கதிரவன் ஒளியைக் கொண்டு உணவு ஆக்குவதைப் பாதி உணர்ந்துவிடுகிறாள். விளங்காத சொல்லோ அவளுக்கும் அறிவுக்கும் இடையே அடைத்த கதவாக நிற்கும்.

ஆகவே சொல்லாக்குவோர் பிறமொழிச் சொல்லைக் கண்டு அஞ்சவும் வேண்டா. அதனிடம் அடிமைப்படவும் வேண்டா. முதலில் பொருளை நன்கு அறிதல் வேண்டும். அதற்கு உரிய சொல் மக்களிடம் முன்னரே உளதா என்று தேடுதல் வேண்டும். இல்லையெனில் மாறாத பண்பை நோக்கிப் பெயரிடுதல் வேண்டும். நேர்ப்பெயர்ப்பு இயல்பாகப் பொருந்துமாயின் அதனைக் கொள்ளுதல் வேண்டும். இவை எவையும் பொருந்தாவிடின், வந்த சொல்லுக்குத் தமிழ் ஒலி தந்து ஏற்றல் வேண்டும். அண்ணாமலையும், உண்ணாமுலையும், கிரிவலமும் ஒரே திருநகரில் தம்முள் பகையின்றி வழங்குகின்றன. மொழியின் பெருமை அது புறத்தே நிறுத்திய சொற்களின் தொகையால் அளக்கப்படுவதன்று; எந்தப் பொருளையும் தன் மக்களுக்கு விளங்கச் சொல்லும் அதன் ஆற்றலாலேயே அளக்கப்படும்.